அம்மாவின் சிறுநீரகமும் விற்றமின் டி குளிசைகளும்

கேள்வி: நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 61. சலரோகம் வந்து 14 வருடம், பிரஷரும் உண்டு. சலரோகத்துக்கு மெற்போமின் 1 கிராம் காலையும் இரவும், பிரஷருக்கு லொசாட்டன் 50 மில்லிகிராம், கொலஸ்ட்ரோலுக்கு ஒரு குளிசை எடுக்கிறா. முழங்கால் உளைவுக்கு டைக்ளோபெனாக் அடிக்கடி போடுவா. இரண்டரை மாதத்துக்கு முன் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.3, விற்றமின் டி 14 என்று வந்தது. விற்றமின் டி குறைந்ததால்தான் சிறுநீரகம் பழுதாகிறது என்று கேள்விப்பட்டு, லண்டனில் இருக்கும் அண்ணா 5,000 யூனிற் குளிசை அனுப்பினார். தினமும் ஒன்று கொடுக்கிறோம். பார்மசியில் கிழமைக்கு ஒன்று போடும் 50,000 யூனிற் குளிசையும் வாங்கினோம். எலும்புக்கென்று 200 யூனிற் விற்றமின் டி கலந்த கல்சியம் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு வேளை. போன கிழமை பார்த்தபோது கிரியேற்றினின் 1.5, ஈஜிஎப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 39, சலத்தில் அல்புமின்–கிரியேற்றினின் விகிதம் (சலத்தில் ஒழுகும் புரதத்தின் அளவு) 420, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி) 8.6, பிரஷர் 150/90. கொஞ்ச நாளாகத் தாகம், மலச்சிக்கல், சாப்பாட்டில் மனமில்லை. 6 இலட்சம் யூனிற் ஊசி ஒன்று போட்டால் சிறுநீரகம் தேறிவிடும் என்கிறார்கள். போடலாமா? டயலிசிஸ் செய்யும் பக்கத்து வீட்டு ஐயா அல்பாகல்சிடோல் எடுக்கிறார். அது இதைவிட நல்லதா?

பதில்: ஊசி போட வேண்டாம். விற்றமின் டி குளிசை இரண்டையும் கல்சியம் குளிசையையும் இன்றைக்கே நிறுத்துங்கள். நாளைக்கே இரத்தத்தில் கல்சியம் பாருங்கள். கூடவே அல்புமின், பொஸ்பரசு, பொட்டாசியம், கிரியேற்றினின். மாதக் கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அம்மாவுக்கு வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம் ஏதாவது இருந்தால் பரிசோதனைக்கும் காத்திராமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், கணக்கைப் பாருங்கள். தினமும் 5,000 என்றால் கிழமைக்கு 35,000. அதோடு கிழமைக் குளிசை 50,000. கல்சியம் குளிசையில் ஒளிந்திருப்பது 200 வீதம் நாளுக்கு இரண்டு, கிழமைக்கு 2,800. மொத்தம் 87,800 யூனிற். நாளுக்கு 12,500க்கு மேல். வைத்தியக் கண்காணிப்பு இல்லாமல் ஒரு வளர்ந்தவர் நீண்ட நாள் எடுக்கக்கூடிய உச்ச அளவு நாளுக்கு 4,000. அம்மாவின் அளவு அதைப்போல மூன்று மடங்கு. அதற்கு மேல் 1,000 மில்லிகிராம் கல்சியமும் சேர்கிறது. நல்ல சிறுநீரகம் மேலதிகக் கல்சியத்தைச் சலத்தில் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது அவ்வளவு முடியாது.

தாகமும் அடிக்கடி சலம் போவதும் வந்தால் நம் வீடுகளில் “சீனி ஏறிவிட்டது” என்றுதான் முதலில் நினைப்போம். கல்சியம் ஏறினாலும் இதே குறிகள்தான். வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் தாகம் எடுக்கும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 300, 350 என்று காட்டினால் தாகத்துக்குச் சீனியே காரணமாகலாம். 150, 160 என்று இருந்துகொண்டு தாகமும் மலச்சிக்கலும் பசியின்மையும் இருந்தால் கல்சியத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கல்சியம் கூடும்போது சிறுநீரகம் நீரைத் தக்கவைக்கும் திறனை இழக்கிறது, உடம்பு வறள்கிறது, கிரியேற்றினின் ஏறுகிறது. 1.3 இலிருந்து 1.5 என்றால் சின்ன வித்தியாசமாகத் தெரியும். அம்மாவின் வயதுக்கு அது ஈஜிஎப்ஆர் சுமார் 47 இலிருந்து 39க்கு இறங்கியது என்று பொருள். இரண்டரை மாதத்துக்கு இது அதிக இறக்கம். சலரோகம் மட்டும் இவ்வளவு வேகமாக இறக்குவது வழக்கமில்லை. கல்சியம், டைக்ளோபெனாக், உடல் வறட்சி இந்த மூன்றில் ஒன்றோ மூன்றுமோ காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இவை மூன்றும் திருத்தக்கூடியவை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கல்சியம் ரிப்போர்ட்டை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரத்தத்திலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ 40 வீதம் அல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டித் திரிகிறது. அம்மாவுக்கு அல்புமின் சலத்தில் ஒழுகுகிறது. இரத்தத்தில் அல்புமின் குறைந்திருந்தால் கல்சியமும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 4 இலிருந்து அல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, வந்ததைக் கல்சியத்தோடு கூட்ட வேண்டும். கல்சியம் 10.0, அல்புமின் 3.2 என்று வந்தால் தாளில் சரியான அளவாகத்தான் இருக்கும். கூட்டிப் பார்த்தால் 10.6, கூடுதல். சில ஆய்வுகூடங்கள் மில்லிமோல் கணக்கில் கொடுக்கும். அதில் உச்ச எல்லை சுமார் 2.55.

கல்சியம் கூடியிருந்தால் சேலைன் ஏற்றுவதா, வேறு மருந்தா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். வீட்டில் கால் வீக்கமோ இதய பலவீனமோ இல்லாவிட்டால் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே ஒருவர் சும்மா இருந்தாலே வறண்டுபோவார். குளிசையை நிறுத்தியதும் எல்லாம் சரி என்று விட்டுவிடவும் கூடாது. விற்றமின் டி கொழுப்பில் சேர்ந்து கிடந்து கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மெல்ல மெல்லக் கசியும். முதல் பரிசோதனை சரியாக வந்தாலும் இரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். விற்றமின் டி குறைந்ததால் சிறுநீரகம் கெட்டதா? அம்மாவைப் போன்றவர்களில் பெரும்பாலும் நடப்பது மறுபக்கம்.

வெயில் பட்டுத் தோலில் உண்டாகும் விற்றமின் டி ஈரலுக்குப் போய் ஒரு மாற்றம் பெறுகிறது. இரத்தப் பரிசோதனையில் 14 என்று வந்தது அந்த வடிவம். அது சிறுநீரகத்துக்குப் போய் இரண்டாவது மாற்றம் பெற்ற பிறகே முழு வேலை செய்யும். இரத்தத்தில் அதைச் சுமந்து செல்ல ஒரு புரதம் இருக்கிறது. சலரோகத்தால் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி அல்புமின் ஒழுகும்போது அந்தச் சுமக்கும் புரதமும் விற்றமின் டியோடு சேர்ந்தே ஒழுகிப் போகிறது. இன்னொரு பக்கம், சிறுநீரகம் தளரத் தொடங்கியதுமே எலும்பிலிருந்து சுரக்கும் ஒரு ஹோர்மோன் கூடி, அந்த இரண்டாவது மாற்றத்தை அடக்குகிறது. இதோடு வெளியே போகாத வாழ்க்கை, உடம்பை மூடும் உடுப்பு, உடல் பருமன். ஆகவே சிறுநீரகம் கூடுதலாகப் பழுதானவர்களில் விற்றமின் டியும் கூடுதலாகக் குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே காணப்படுவதால் ஒன்றை ஏற்றினால் மற்றது திருந்தும் என்ற நம்பிக்கை ஆராய்ச்சியாளர்களுக்கே இருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இரண்டாம் வகைச் சலரோகம் உள்ள 1,312 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 2,000 யூனிற் விற்றமின் டியும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத குளிசையும் 5 வருடம் கொடுத்தார்கள். முடிவில் ஈஜிஎப்ஆர் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கியிருந்தது. ஒன்றில் சுமார் 12, மற்றதில் சுமார் 13. சலரோகத்தின் வாசலில் நிற்பவர்கள் 2,423 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 4,000 யூனிற் கொடுத்த இன்னொரு ஆய்வும் அதே வருடம் வந்தது. சலரோகம் வருவதையும் அது உறுதியாகத் தடுக்கவில்லை. மாற்றம் பெற்ற விற்றமின் டி வகை மருந்தொன்று சலத்தில் அல்புமினை ஓரளவு குறைக்கலாம் என்று 2010இல் ஒரு ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அது சிறுநீரகம் செயலிழப்பதைத் தள்ளிப்போடும் என்று காட்டப்படவில்லை. 6 இலட்சம் ஊசி சிறுநீரகத்தைத் தேற்றும் என்பவர்களிடம் இதற்கு மேல் எந்த ஆதாரமும் கிடையாது.

அதற்காக 14ஐ அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 20க்குக் கீழே குறைபாடுதான். அது நீடித்தால் எலும்பு மென்மையாகும், தொடைத் தசை பலவீனமாகும், கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்து எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கும். நிலத்தில் சப்பாணியிட்டு இருந்த அம்மா எழும்பும்போது கையூன்றாமல் எழும்ப முடிகிறதா, படியேறும்போது தொடை இழுக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் உளைவு என்று அவர் சொல்வதில் ஒரு பங்கு இந்தக் குறைபாடாகவும் இருக்கலாம். விற்றமின் டியை எலும்புக்கும் தசைக்கும் என்று கொடுக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு மருந்து என்று எண்ணிக் கொடுக்கக் கூடாது.

மீண்டும் தொடங்குவதென்றால், கல்சியம் சரியான அளவில் நிலைத்த பிறகு விற்றமின் டியையும் பாராதைரொயிட் ஹோர்மோனையும் புதிதாகப் பார்த்துத்தான். இரண்டரை மாதம் இவ்வளவு எடுத்ததற்கு அம்மாவின் அளவு இப்போது 14ஆக இருக்காது. 30க்கு மேல் இருந்தால் எதுவும் வேண்டியதில்லை. 20க்குக் கீழே இன்னும் இருந்தால் வழமையாக நாளுக்கு 1,000 முதல் 2,000 யூனிற், அல்லது கிழமைக்கு ஒரு 50,000 என்று 8 கிழமை. இரண்டில் ஒன்றுதான், இரண்டும் சேர்த்தல்ல. கொழுப்பில் கரைவது என்பதால் வெறும் வயிற்றில் கொடுக்காமல் மத்தியானச் சாப்பாட்டோடு கொடுங்கள். 3 மாதம் கழித்துக் கல்சியம், பொஸ்பரசு, விற்றமின் டி மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டின் அலகையும் பாருங்கள்: 14 நானோகிராம் என்பதும் 35 நானோமோல் என்பதும் ஒன்றே. ஒரு ஆய்வுகூடத்தில் 14, அடுத்ததில் 35 என்று வந்ததைப் பார்த்து இரண்டரை மடங்கு ஏறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் போத்தல்களில் லேபல்தான் பெரிய பொறி. சிலதில் யூனிற் இருக்கும், சிலதில் மைக்ரோகிராம் இருக்கும். 25 மைக்ரோகிராம் என்றால் 1,000 யூனிற். 125 என்றால் 5,000. “1.25 மில்லிகிராம்” என்று பார்வைக்குச் சாதுவாக எழுதியிருப்பது 50,000 யூனிற். கிழமைக் குளிசையைத் தினக் குளிசை என்று நினைத்துப் போட்டுச் சிறுநீரகம் கெட்டு வருகிறவர்கள் உண்டு. மீன் எண்ணெய்க் குளிசை, பல விற்றமின் குளிசை, சலரோகக்காரருக்கென்று விற்கும் பால்மா இவற்றிலும் விற்றமின் டி சேர்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கொட் மீன் ஈரல் எண்ணெய் மட்டும் அறவே வேண்டாம். அதில் விற்றமின் ஏயும் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடம்பில் அது தேங்கும்.

பக்கத்து வீட்டு ஐயாவின் அல்பாகல்சிடோல் வேறு சங்கதி. சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றத்தை முன்கூட்டியே செய்து வைத்த மருந்து அது. ஈரல் மட்டும் வேலை செய்தால் போதும். டயலிசிஸில் இருப்பவர்களுக்கும், சிறுநீரக நோயின் 4ஆம் 5ஆம் கட்டத்தில் பாராதைரொயிட் ஹோர்மோன் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கும் உரியது. அம்மா இப்போது மூன்றாம் கட்டத்தின் பிற்பகுதியில். இந்தக் கட்டத்தில் அதை வழமையாகக் கொடுப்பதில்லை, ஏனென்றால் கல்சியத்தை மிக வேகமாக ஏற்றும். அதை எடுத்தால் சாதாரண விற்றமின் டி பரிசோதனையில் அளவு ஏறவும் மாட்டாது. “இன்னும் குறைவாகத்தானே இருக்கிறது” என்று மேலும் மேலும் கொடுக்கிற தவறு அங்கேதான் நடக்கும்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. காலை 6 மணி 7 மணி வெயில் சுகமானது. விற்றமின் டிக்கு அது போதாது. நம்முடைய நிழல் நம்முடைய உயரத்தைவிடக் கட்டையாக விழும் நேரம்தான் உதவும். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து காய்வதிலும் பயனில்லை. கையும் காலும் வெளித்தெரிய 15, 20 நிமிடம், கிழமைக்கு மூன்று நான்கு நாள் போதும். வெயிலால் விற்றமின் டி நஞ்சாவதில்லை. மேலதிகமானதைத் தோலே சிதைத்துவிடும். மார்கழி மழையில் குறைந்தால் குறையட்டும். ஒன்று மட்டும்: அம்மாவின் பாதத்தில் விறைப்பு இருந்தால் வெறுங்காலோடு முற்றத்து மணலிலோ சீமெந்திலோ நிற்க விடாதீர்கள். உச்சிவெயிலில் கோணேசர் கோயிலின் சுடுகல்லில் நடந்து, சூடே தெரியாமல் உள்ளங்கால் கொப்பளித்து, அந்தப் புண் ஆறாமல் விரல் போகும்வரை வந்துவிடும். கோயிலுக்குப் போவதென்றால் காலைப் பூசைக்குப் போகட்டும்.

மீனில் சாளை, கும்பிளா, சூரை நல்லவை. நாளுக்கு உள்ளங்கையளவு துண்டு ஒன்று, குழம்பாகவோ சொதியாகவோ. கருவாடு வேண்டாம். விற்றமினுக்கென்று கருவாடு சாப்பிட்டால் உப்பு பிரஷரை ஏற்றி, வந்த லாபத்தைப்போலப் பல மடங்கைக் கொண்டுபோய்விடும்.

இனி அம்மாவின் சிறுநீரகத்தை உண்மையில் காக்கக்கூடியவை. உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலைப்பட்ட எண் 14. எனக்குக் கவலை சலத்து அல்புமின் 420, பிரஷர் 150/90, டைக்ளோபெனாக் இந்த மூன்றும்.

டைக்ளோபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள். இபுபுரோபன் உட்பட அந்த இனத்து மாத்திரைகள் எதுவும் வேண்டாம். உளைவுக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, தேவைப்பட்டால் நாளுக்கு மூன்று தடவைக்கு மேற்படாமல். லொசாட்டன் 50 என்பது பாதி அளவு. 2001இல் வந்த பெரிய ஆய்வில் சலரோகச் சிறுநீரக நோயாளர்களுக்கு அதை 100 வரை ஏற்றித்தான் சிறுநீரகச் செயலிழப்பை 28 வீதம் குறைத்தார்கள். பொட்டாசியம் இடம்கொடுத்தால் 100 ஆக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்றியபின் இரண்டு கிழமையில் கிரியேற்றினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேற்றினின் 30 வீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பிரஷர் 130/80க்குக் கீழே வரவேண்டும். உப்பு நாள் முழுதுக்கும் மட்டமாக ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், மாசிச் சம்பல், கடைச் சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேதான்.

அடுத்தது, சீனியைச் சலத்தில் வெளியேற்றும் மருந்தான டபாகிளிபுளோசின் அல்லது எம்பாகிளிபுளோசின், நாளுக்கு 10 மில்லிகிராம். இந்த இனத்து மருந்துகள் சிறுநீரக நோய் முற்றுவதைத் தெளிவாகத் தடுத்தன. 2019 ஆய்வில் ஆபத்து 30 வீதமும் 2020 ஆய்வில் 39 வீதமும் குறைந்தது. விற்றமின் டியிடம் நீங்கள் எதிர்பார்த்த வேலையைச் செய்வது இதுதான். ஈஜிஎப்ஆர் 20க்கு மேல் இருந்தால் தொடங்கலாம். ஆனால் அம்மாவின் கல்சியமும் வறட்சியும் சரியான பிறகே. பெண்கள் சிலருக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைக் கடி வரலாம். சலம் போனபின் கழுவி ஈரமில்லாமல் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதத்துக்கும், சத்திரசிகிச்சைக்கும் 3 நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் சீனி ஏறாமலே இரத்தத்தில் அமிலம் தேங்கும். வாந்தி வயிற்றோட்டம் வந்த நாட்களில் இதையும் லொசாட்டனையும் மெற்போமினையும் நிறுத்தி, ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி ஒரு நாள் கழித்துத் திரும்ப எடுக்கலாம்.

மெற்போமின் 2 கிராம் இப்போது அதிகம். ஈஜிஎப்ஆர் 45க்குக் கீழே நாளுக்கு 1 கிராம்தான். 30க்குக் கீழே போனால் முற்றாக நிறுத்த வேண்டும். குறைக்கும்போது சீனி ஏறும், எச்பிஏ1சி ஏற்கெனவே 8.6. டபாகிளிபுளோசின் இந்த ஈஜிஎப்ஆரில் சீனியைப் பெரிதாக இறக்காது. ஆகவே லினாகிளிப்டின் குளிசையோ இன்சுலினோ சேர்க்க வேண்டிவரும். நீங்களாகக் குறைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம்.

கண்ணின் விழித்திரையையும் பரிசோதியுங்கள். எங்கள் மாவட்டத்தில் பதவிசிறிபுர பக்கம் விவசாயிகளுக்கு வரும் காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பார்த்து, எல்லாச் சிறுநீரக நோய்க்கும் தண்ணீரையே குறை சொல்வார்கள். அந்த நோயில் சலத்தில் அல்புமின் பொதுவாகக் குறைவு. 420 என்பது சலரோகத்தைத்தான் காட்டுகிறது. விழித்திரையிலும் சலரோகப் பழுது இருந்தால் ஐயம் தீரும்.

“சீனிக்கு நல்லது” என்று யாராவது காமரங்காச் சாறோ பிலிம்பிச் சாறோ கொடுத்தால் வாங்க வேண்டாம். இரண்டிலும் ஒக்சலேற்று கூடுதல். பழுதான சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே நிறுத்திவிடும். காமரங்கா மூளையையும் தாக்கும், விக்கலில் தொடங்கி வலிப்புவரை.

வைத்தியரைப் பார்க்கப் போகும்போது கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அண்ணா அனுப்பிய போத்தல், பார்மசிக் குளிசை, கல்சியம், டைக்ளோபெனாக் எல்லாம். எந்தத் திகதியில் தொடங்கினீர்கள், எத்தனை முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்சியம் ஏறியிருந்தால் வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளில் இருப்பதைத்தான்.